நகர்வது எவ்வளவு, நம்முடையது எவ்வளவு?

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவாய்மொழியின் முதல் திருவாய்மொழியில் நம்மாழ்வார் எம்பெருமானுடைய பரத்வத்தை உபதேசித்தருளுகிறார். அதில் நான்காம் பாசுரம் எல்லாப் பொருள்களின் ஸ்வரூபமும், ஐந்தாம் பாசுரம் அவற்றின் ரக்ஷணமும், ஆறாம் பாசுரம் அவற்றின் ப்ரவ்ருத்தி நிவ்ருத்திகளும் அவனுக்கு அதீனம் என்று காட்டுவதாகப் பூர்வாசார்யர்கள் வ்யாக்யானம் அருளியுள்ளார்கள். ஒரு பொருள் உலாவுவது மட்டும் அவனாலே என்று நிறுத்தாமல், அது உலாவாமல் ஓரிடத்தில் இருப்பதும் அவனாலேயே என்று ஆழ்வார் ஸாதித்திருப்பது இப்பாசுரத்தின் ஏற்றம். செயலும் செயலின்மையும் ஒருசேர அவன் இட்ட வழக்கு.

இதைக் கேட்ட மாத்திரத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. எல்லா அசைவும் அவனுக்கு அதீனமானால், ஒருவன் செய்த தீங்குக்கு அவனையே பொறுப்பாளி என்று எப்படிச் சொல்வது? உடன்பிறந்தவனின் பங்கைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டவனும் ‘எல்லாம் பெருமாள் செயல்’ என்கிறான். முதுமையில் பெற்றோரைப் பேணாமல் விட்டவனும் ‘அது அவர்கள் கர்மம், அவன் ஸங்கல்பம்’ என்கிறான். இவர்கள் பாசுரத்தின் பொருளைத்தான் சொல்கிறார்களா, பாசுரத்தின் பின்னே ஒளிந்துகொள்கிறார்களா? இதற்கு விடை தெரியாமல் இப்பாசுரத்தைச் சேவிப்பது, கையில் கூரிய கத்தியைப் பிடி எது முனை எது என்று அறியாமல் வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இக்கேள்வியைச் சிந்திக்க, வானநூலார் அண்மைக் காலத்தில் கண்டறிந்த அளவை முறை ஒன்று நமக்குத் துணை செய்கிறது. வணிகவியல் கற்று வங்கிப் பேரேடுகளிலே காலம் கழித்த அடியோங்களுக்கு வானநூலில் அதிகாரம் ஏதும் இல்லை. ஆயினும் ஒரு பெருந்தொகையிலிருந்து வேண்டாதவற்றையெல்லாம் கழித்துச் சிறிய மீதி ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை அறிவதில் ருசி உண்டு. இந்த அளவை முறையின் உயிர்நாடியே அந்தக் கழித்தல்தான்.

பூமியின் மேல் நிற்கிற நாம் அசையாமல் இருப்பதாகவே எண்ணுகிறோம். பூமி ஸூர்யனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஸூர்யன் பால்வீதியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 230 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. பால்வீதியோ தன் அண்டை மண்டலங்களோடு சேர்ந்து வேறொரு திசை நோக்கி விரைகிறது. இவ்வளவு ஓட்டத்தில் ஒன்றேனும் நம் காலுக்குத் தெரிகிறதா? ஒரே கப்பலில் செல்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கப்பலின் வேகத்தை அறிய முடியாது. கப்பலோடு ஓடாத ஏதேனும் ஒன்றை நோக்கினால்தான் அது தெரியும்.

அவ்வாறு நோக்கத்தக்க ஒன்று 1965-ல் உலகுக்குத் தெரியவந்தது. அமெரிக்காவின் நியூஜெர்ஸியில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்னோ பென்ஸியாஸ், ராபர்ட் வில்ஸன் என்னும் இருவர் கொம்பு வடிவமான பெரிய ஆண்டெனா ஒன்றைக் கொண்டு வானொலி அலைகளை அளந்து கொண்டிருந்தார்கள். எத்திசையில் திருப்பினாலும் குறையாத மெல்லிய இரைச்சல் ஒன்று அதில் இருந்தது. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி, அவற்றின் எச்சத்தைத் துடைத்துப் பார்த்தும் அது போகவில்லை. ப்ரபஞ்சம் மிகச் சூடாகவும் செறிவாகவும் இருந்த தொடக்க நிலையில் வெளிப்பட்ட ஒளியின் எச்சமே அது என்று பின்னர் விளங்கிற்று. இவ்விருவருக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஒளி, ப்ரபஞ்சம் விரியத் தொடங்கி ஏறத்தாழ 3 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள் ஆனபோது தடையின்றிப் பரவத் தொடங்கியது. இன்றைக்கு 1380 கோடி ஆண்டுகள் கழிந்தபின், அது விரிந்து குளிர்ந்து நுண்ணலையாக நம்மை வந்தடைகிறது. அதன் வெப்பநிலை 2.725 கெல்வின்; அதாவது மைனஸ் 270 டிகிரி செல்ஸியஸை ஒட்டியது. இதை நுண்ணலைப் பின்னணிக் கதிர் என்பர். இது ஓரிடத்து விளக்கிலிருந்து வருவதன்று. எல்லாத் திசைகளிலிருந்தும், எல்லா இடங்களுக்கும், ஏறக்குறைய ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது.

எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும் ஒளிக்குள்ளே ஒருவன் ஓடினால் என்னவாகும்? அவன் முன்னோக்கும் திசையில் அவ்வொளி சற்றே சூடாகவும், பின்னால் சற்றே குளிர்ந்தும் தோன்றும். எதிரே வரும் ரயிலின் ஊதல் உரத்த ஸ்வரத்திலும், கடந்து போன ரயிலின் ஊதல் தாழ்ந்த ஸ்வரத்திலும் கேட்பதற்குக் காரணமான அதே நியாயம் இங்கும் செல்லும். 1970-களில் யூ-2 என்னும் உயரப் பறக்கும் விமானத்தில் கருவிகளை ஏற்றி அளந்தவர்கள் 1977-ல் இவ்வேறுபாட்டைத் தெளிவாக வெளியிட்டார்கள். பிற்காலத்துச் செயற்கைக்கோள்கள் அதை மிகத் துல்லியமாக்கின. சிம்ம ராசி விண்மீன்களை ஒட்டிய திசையில் ஒரு கெல்வினின் ஆயிரத்தில் 3.36 பங்கு வெப்பம் கூடுதல். அதற்கு நேர் எதிர்த்திசையில் அவ்வளவே குறைவு. இதிலிருந்து ஸூர்யகுடும்பம் அத்திசை நோக்கி நொடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்று தெரிகிறது. ஸூர்யனுடைய சுற்றோட்டத்தைக் கழித்துப் பார்த்தால், பால்வீதி சேர்ந்திருக்கும் மண்டலக் குழு நொடிக்கு 600 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்கிறது.

இக்கணக்கை நம் நித்யாநுஸந்தானத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு திருவாய்மொழியை நிதானமாகச் சேவிக்க ஐந்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் பாசுரம் தொடங்கிய இடத்திலிருந்து பலச்ருதி முடியும் இடம் 1,11,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆஸனத்தை விட்டு எழாமலே இவ்வளவு தூரம் போயிருக்கிறோம். இதில் நாம் செய்தது ஒன்றும் இல்லை.

நம் ஓட்டம் இவ்வாறு தெரிந்துவிட்டது. வெகுதூரத்தில் உள்ள மண்டலக் கொத்துகளின் ஓட்டத்தை எப்படி அறிவது? ஒரு கொத்து என்பது நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரத்தை எட்டும் விண்மீன் மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டுண்டிருக்கும் பெருந்தொகுதி. அதன் ஒளி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து அது விலகும் வேகத்தைச் சொல்வது பழைய வழி. ஆனால் அந்த வேகத்தில் இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றன. ப்ரபஞ்சம் முழுவதும் விரிவதால் வரும் வேகம் ஒன்று. அந்தக் கொத்துக்கே உரிய தனிவேகம் மற்றொன்று. இரண்டையும் பிரிக்க வேண்டுமானால் கொத்தின் தூரத்தை வேறு வழியால் அறிந்தாக வேண்டும். தூரம் கூடக் கூட அதில் வரும் பிழையும் கூடும். நெடுந்தொலைவில் அப்பிழை தனிவேகத்தையே விழுங்கிவிடும்.

இங்கேதான் பின்னணிக் கதிர் மறுபடியும் கைகொடுக்கிறது. மாஸ்கோவில் யாகோவ் ஸெல்டோவிச் என்னும் பெரியவரும் அவருடைய இளைய துணைவர் ரஷீத் ஸுன்யாயெவும் 1970-களின் தொடக்கத்திலிருந்து இதை ஆராய்ந்தார்கள். மண்டலக் கொத்துகளின் உள்ளே ஒரு கோடி முதல் பத்துக் கோடி டிகிரி வரை வெப்பமுள்ள வாயு நிறைந்திருக்கிறது. அதில் எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து திரிகின்றன. பின்னணிக் கதிர் அதனூடே வரும்போது பெரும்பாலான ஒளித்துகள்கள் எதையும் தொடாமல் கடந்துவிடும். அடர்ந்த கொத்துகளில் நூற்றில் ஏறக்குறைய ஒன்று மட்டும் ஓர் எலக்ட்ரானில் மோதித் திசை மாறும். கொத்து முழுவதும் நம்மை நோக்கி வந்துகொண்டிருந்தால், அப்படி மோதி வந்த ஒளி சற்றே சூடாகத் தெரியும். விலகிச் சென்றால் சற்றே குளிர்ந்து தெரியும். கொத்தின் வேகத்தை அளக்க இதைப் பயன்படுத்தலாம் என்று இவர்கள் 1980-ல் எழுதினார்கள். அவர்கள் பெயராலேயே இது இயக்க ஸுன்யாயெவ்-ஸெல்டோவிச் விளைவு என்று வழங்குகிறது.

இதன் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. கொத்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இந்த வெப்ப மாற்றத்தின் விகிதம் குறைவதில்லை. ஒரு விளக்கு தூரத்தில் இருந்தால் மங்கும். இங்கோ கொத்து தானாக ஒளியை அனுப்பவில்லை. எங்கும் நிறைந்திருக்கும் ஒளியின்மேல் தன் சுவட்டைப் பதிக்கிறது. அந்த ஒளி குளிரும்போது சுவடும் அதே விகிதத்தில் குளிர்கிறது. ஆதலால் இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறுவதில்லை. தூரத்தை அறியாமலே வேகத்தை அறிய வழி பிறந்தது இதனால்தான்.

ஆனால் அந்தச் சுவடு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கிட்டால் மலைப்பே வரும். கொத்தின் தனிவேகம் நொடிக்கு 300 கிலோமீட்டர் என்று கொள்வோம். ஒளியின் வேகத்தில் அது ஆயிரத்தில் ஒன்று. மோதும் துகள்கள் நூற்றில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் லட்சத்தில் ஒன்று. 2.725 கெல்வினில் லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் 27 பங்கு. நம்முடைய சொந்த ஓட்டத்தால் வானில் தோன்றும் வெப்ப வேறுபாடு இதைப்போல் நூறு மடங்குக்கும் மேலானது. ஆகவே பிறிதொன்றின் ஓட்டத்தைப் பார்க்க விரும்புகிறவன் முதலில் தன் ஓட்டத்தைக் கழித்தாக வேண்டும். அதன்பின் கொத்தின் வாயு வெப்பத்தால் ஒளித்துகள்கள் பெறும் கூடுதல் சக்தியைக் கழிக்க வேண்டும். அது பெரும்பாலும் இதைவிடப் பெரியது. பின்பு நம் பால்வீதியின் தூசு ஒளிர்வதைக் கழிக்க வேண்டும். பின்னணிக் கதிரிலேயே தொடக்க காலம் முதல் இருந்துவரும் சிற்றலைகளையும் பிரிக்க வேண்டும். இத்தனையும் போன பிறகு எஞ்சுவதே அந்தக் கொத்தின் வேகம்.

இந்த மீதியைக் காண மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தென் அமெரிக்காவின் சிலி நாட்டில், அடகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் ஆறு மீட்டர் விட்டமுள்ள நுண்ணலைத் தொலைநோக்கி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அதன் அளவைகளையும், ஸ்லோன் வானளவைத் திட்டம் தொகுத்த மண்டலங்களின் இருப்பிடங்களையும் இணைத்து 2012-ல் ஆய்வாளர்கள் முதன்முதலாக இவ்விளைவைக் கண்டார்கள். ஒவ்வொரு கொத்தின் சுவடும் தனித்துக் காண முடியாதபடி நுண்ணியது. ஆதலால் அவர்கள் கொத்துகளை இரண்டிரண்டாக எடுத்துக்கொண்டார்கள். அருகருகே உள்ள இரண்டு ஈர்ப்பினால் ஒன்றையொன்று நோக்கி நகர வேண்டும். நமக்கு அருகில் உள்ளது நம்மைவிட்டு விலகும். அப்பால் உள்ளது நம்மை நோக்கி வரும். இரண்டின் வெப்பத்தையும் கழித்து, அவ்வித்தியாசங்களைப் பெருந்தொகையாகக் கூட்டிச் சராசரி எடுத்தபோது, எதிர்பார்த்த மீதி தென்பட்டது. அடுத்த ஆண்டே, ஹவாய்த் தீவின் மௌனகேயா மலையிலிருந்து அளந்தவர்கள், நான்கு கொத்துகள் ஒன்றோடொன்று மோதிக் கலக்கும் ஓரிடத்தில் அவற்றுள் ஒன்று மட்டும் நொடிக்கு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதைக் கண்டார்கள்.

கழித்தலில் பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கும் இத்துறையிலேயே ஓர் உதாரணம் உண்டு. எண்ணற்ற கொத்துகள் ஒரே திசையில் பெருவெள்ளமாக இழுத்துச் செல்லப்படுகின்றன என்று 2008-ல் சிலர் அறிவித்தார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் ப்ளாங்க் செயற்கைக்கோளின் அளவைகளை ஆராய்ந்த குழுவினர் அத்தகைய பெருவெள்ளத்துக்குச் சான்று காணவில்லை என்று 2013-ல் தெரிவித்தார்கள். கழிக்க வேண்டியதைக் கழித்தோமா என்று பலமுறை பார்க்க வேண்டும் என்பதே இதில் அறியத்தக்கது.

இனி நம் கேள்விக்கு வருவோம். அதற்கு முன் ஒரு தடையை விலக்க வேண்டும். எங்கும் ஒரே சீராக நிறைந்திருக்கும் இந்தக் கதிரைக் கண்டவுடன், ‘இதுவே எங்கும் நிறைந்த எம்பெருமான், நம் சாஸ்த்ரம் சொன்னதை விஞ்ஞானம் இன்று நிரூபித்துவிட்டது’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். அடியோங்கள் அவ்வாறு சொல்லமாட்டோம். இந்தக் கதிர் கருவிக்கு அகப்படுகிறது, குளிர்கிறது, மாறுகிறது. மாறுவதெல்லாம் அசித்து. அது அவனுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். சரீரத்தைச் சரீரியாகக் கொள்வதோ நாம் விலக்க வேண்டிய மயக்கம். மேலும் இக்கதிரை வைத்து அளப்பதனாலே, முற்றும் அசையாத இடம் ஒன்று கிடைத்துவிட்டது என்றும் இயற்பியலார் சொல்வதில்லை. அளப்பதற்கு வசதியான பொதுவான பின்புலம் கிடைத்திருக்கிறது; அவ்வளவே. இந்த அளவை முறையிலிருந்து நாம் கடன் வாங்குவது அதன் நியாயத்தை மட்டுமே.

அந்த நியாயம் இது: எது சுமந்து செல்லப்பட்ட வேகம், எது தன்னுடைய வேகம் என்று பிரித்து எழுது.

நம் வாழ்க்கைப் பேரேட்டை இப்படி எழுதிப் பார்ப்போம். எந்தக் குடியில் பிறந்தோம், எந்த மொழி காதில் விழுந்தது, யார் கையைப் பிடித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள், உடம்பு எப்படி அமைந்தது, எந்தக் காலத்தில் எந்த வேலை கிடைத்தது என்பவையெல்லாம் நொடிக்கு 370 கிலோமீட்டர் போன்றவை. நாம் உட்கார்ந்திருக்கும்போதே நம்மைக் கொண்டுபோனவை. இவற்றைக் கழித்தால் எஞ்சுவது மிகச் சிறிய தொகை. லட்சத்தில் ஒன்று என்று சொல்லும்படியானது. பூர்வகர்மத்தையும் வாஸனையையும் சேர்த்துக் கழித்தால் இன்னும் சிறுத்துப் போகும். ஆனால் அது பூஜ்யமா?

பூஜ்யம் அன்று என்பது எம்பெருமானார் நமக்கு அருளிய நிச்சயம். ஸ்ரீபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயம் மூன்றாம் பாதத்தில் பராயத்தாதிகரணம் என்று ஒரு பகுதி உண்டு. ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவுக்கு அதீனம் என்பது அங்கே ஸ்தாபிக்கப்படுகிறது. அப்படியானால் விதியும் விலக்கும் சொல்லும் சாஸ்த்ரம் வீணாகாதா என்ற ஆக்ஷேபத்துக்கு ஸமாதானம் ஸாதிக்கும்போது எம்பெருமானார் ஓர் உலகியல் உதாரணம் காட்டியருளுகிறார். இருவருக்குப் பொதுவான தனத்தை ஒருவர் மூன்றாமவருக்குக் கொடுக்க விரும்பினால், மற்றவருடைய அநுமதி இன்றிக் கொடுக்க முடியாது. ஆயினும் அநுமதியைக் கேட்டுப் பெற்றவர் முதலாமவரே ஆகையால், அக்கொடையின் பலன் அவரையே சேரும். ஜீவன் முதலில் முயற்சி கொள்கிறான், அந்தர்யாமியான எம்பெருமான் அதை நோக்கி அநுமதி கொடுத்து நடத்துகிறான், பலன் முயன்றவனுடையது.

வங்கியில் பணி செய்தவர்களுக்கு இவ்வுதாரணம் உடனே புரியும். இருவரும் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு நடக்கும் கூட்டுக் கணக்கில், காசோலையை எழுதிக் கொண்டுவருகிறவர் ஒருவர்; உடன் கையொப்பமிடுகிறவர் மற்றவர். இரண்டாம் கையொப்பம் இல்லாமல் ஒரு ரூபாயும் நகராது. ஆயினும் ‘இந்தத் தொகையை யார் எடுத்தது, எதற்காக எடுத்தது?’ என்ற கேள்வி வந்தால், காசோலையை எழுதியவரே விடை சொல்ல வேண்டும். ‘அவரும்தான் கையொப்பமிட்டார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. உதாரணத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் மறக்கலாகாது. வங்கிக் கணக்கில் இருவரும் ஒத்த உரிமையாளர்கள். இங்கோ தனம் முழுவதும் அவனுடையது. காசோலை எழுதும் கையும் அவன் தந்தது. எழுதும் சக்தியும் அவனிட்டது. எழுதலாமா வேண்டாமா என்னும் அந்தச் சிறு இடத்தை மட்டும் அவனே நமக்கென்று விட்டுவைத்திருக்கிறான்.

மண்டலக் கொத்துக்கும் நமக்கும் உள்ள வேற்றுமை இங்கே வெளிப்படுகிறது. வானநூலார் அதன் தனிவேகம் என்று எதைச் சொல்கிறார்களோ, அதுவும் உண்மையில் அதற்குச் சொந்தமன்று. சுற்றியுள்ள பொருள்கள் ஈர்த்ததால் வந்தது. எல்லாக் கழித்தலும் முடிந்து எஞ்சிய மீதியிலும் அதற்கென்று ஓர் அணுவளவும் இல்லை. அறிவற்ற அசித்துக்கு அப்படித்தான் இருக்க முடியும். ஜ்ஞானமும் இச்சையும் உடைய சேதனனுக்கு மட்டுமே ஒரு மீதி உண்டு. அந்த மீதிக்கே சாஸ்த்ரம் பேசுகிறது. நரகமும் ஸ்வர்க்கமும் அந்த மீதியைப் பற்றியவை.

இவ்வாறு பார்த்தால் நாம் செய்யும் பிழைகள் இரண்டு வகை என்று தெரியும். சுமந்து செல்லப்பட்ட வேகத்தையெல்லாம் தன் வேகமாக எழுதிக்கொள்வது ஒன்று, அது அஹங்காரம். எஞ்சியிருக்கும் சிறு மீதியையும் பூஜ்யம் என்று எழுதிவிடுவது மற்றொன்று. அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பது. உடன்பிறந்தவனின் பங்கைப் பறித்தவன் இரண்டையும் ஒருங்கே செய்கிறான். வந்த சொத்தைத் தன் ஸாமர்த்யம் என்கிறான். செய்த வஞ்சனையைப் பெருமாள் செயல் என்கிறான். பாசுரத்தைத் தலைகீழாகப் படித்தவன் அவன்.

இங்கே கூர்மையான ஒரு வினா எழும். நல்லோர் நற்செயலைச் செய்யும்போது ‘அவன் செய்வித்தான்’ என்கிறார்கள். தவறு நேர்ந்தால் ‘அடியேன் பிழை’ என்கிறார்கள். நன்மைக்கு அவன் காரணமானால் தீமைக்கும் அவன்தானே காரணமாக வேண்டும்? நன்மையில் ஒரு கணக்கு, தீமையில் ஒரு கணக்கு என்றால் அது உபசார வார்த்தை மட்டும்தானா? அன்று என்பதற்கும் அதே அதிகரணத்தில் இடம் இருக்கிறது. அவனுக்கு அநுகூலனாக இருப்பதில் உறுதிகொண்டவனுக்கு அவன் அநுமதி தருவதோடு நிற்பதில்லை. நற்செயலில் ருசியையும் தானே பிறப்பிக்கிறான் என்று எம்பெருமானார் காட்டியருளுகிறார். நல்வழியில் நாம் ஓரடி வைத்தால், அடுத்த அடியில் அவனுடைய பங்கு அநுமதியைக் கடந்து வளர்ந்துவிடுகிறது. ஆகையால் நற்செயலில் நம் மீதி சிறுத்துக்கொண்டே போகிறது. தீச்செயலைத் தொடங்கும்போதோ முதல் முயற்சி முழுவதும் நம்முடையது. ‘அவன் செய்வித்தான்’, ‘அடியேன் பிழை’ என்ற இரண்டு வார்த்தைகளும் சரியான கணக்கே.

இந்த மீதியைத் தன்னந்தனியே அறிய முடியுமா? ஒரே வீட்டில், ஒரே ஊரில், ஒரே பழக்கத்தில் ஊறியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தங்கள் ஓட்டத்தை அறிய மாட்டார்கள். எல்லாரும் சேர்ந்து ஓடும்போது எல்லாரும் நிற்பதாகவே தோன்றும். வரதக்ஷிணை வாங்குவது வழக்கமான காலத்தில் அது பிழை என்று தோன்றாதவர்கள் எத்தனை பேர்! அந்த ஓட்டத்தில் பங்கில்லாத ஒன்றை நோக்க வேண்டும். நமக்கு அது சாஸ்த்ரமும், அதன்படி நடந்து காட்டிய ஆசார்யர்களின் அநுஷ்டானமும் ஆகும். தினந்தோறும் திவ்யப்ரபந்தத்தைச் சேவிப்பதில் இந்த ப்ரயோஜனமும் அடங்கியிருக்கிறது. நம் காலத்தோடு சேர்ந்து ஓடாத ஒரு குரலின் முன் நாம் தினமும் நிற்கிறோம்.

இந்த அளவை முறையில் இன்னொரு குறைபாடும் உண்டு. நமக்கு அது ஓர் எச்சரிக்கை. இவ்விளைவால் ஒரு கொத்து நம்மை நோக்கி வருகிறதா, நம்மை விட்டு விலகுகிறதா என்பது மட்டுமே தெரியும். அது நம் பார்வைக் கோட்டுக்குக் குறுக்காக எவ்வளவு வேகமாகச் சென்றாலும் இந்த அளவையில் அது அகப்படாது. பிறரை நாம் அறிவதும் இவ்வாறே அன்றோ? ஒருவர் நமக்கு அநுகூலராக வருகிறாரா, ப்ரதிகூலராக விலகுகிறாரா என்பதே நம் கண்ணில் படுகிறது. எம்பெருமான் திசையில் அவர் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறார் என்பது நம் கோட்டில் அகப்படுவதில்லை. கோஷ்டியில் நம்மோடு பேசாமல் போன ஒருவரைப் பற்றி நாம் எழுதும் தீர்ப்பு, ஒரு கோட்டை வைத்துக்கொண்டு முழு ஓட்டத்தையும் சொல்லிவிட்டதாக எண்ணும் பிழை. பாகவதாபசாரம் மிகக் கொடியது என்று நம் பெரியோர்கள் ஏன் இவ்வளவு அஞ்சினார்கள் என்பது இதனாலும் சிறிது விளங்கும். தன் மீதியைக் கணக்கிடும் அதிகாரம் மட்டுமே ஒருவனுக்கு உண்டு. பிறர் பேரேடு நம் கையில் இல்லை.

இனி, மோக்ஷோபாயத்தில் அந்தச் சிறு மீதியின் இடம் என்ன? இதில் நம் பெரியோர்களிடையே இரண்டு வகையான நிர்வாஹங்கள் உண்டு. எம்பெருமானுடைய க்ருபைக்குச் சேதனன் செய்ய வேண்டுவது அதை விலக்காமல் இருப்பதே என்று ஒரு ஸம்ப்ரதாயத்தார் நிர்வஹிப்பர். அவன் க்ருபை செய்வதற்கு ஒரு வ்யாஜம் வேண்டும், ப்ரபத்தி அந்த வ்யாஜம் என்று மற்றொரு ஸம்ப்ரதாயத்தார் நிர்வஹிப்பர். இவற்றுள் எது ஸமஞ்ஜஸம் என்று பேசும் தகுதி அடியோங்களுக்கு இல்லை. இரண்டிலும் பொதுவாக உள்ள ஒன்றை மட்டும் விண்ணப்பிக்கிறோம். விலக்காமை என்றாலும் வ்யாஜம் என்றாலும், பலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லாதது போன்ற சிறிய அளவு. பேற்றைத் தருகிறவன் அவனே என்பதில் இருவரும் ஒருமிடறானவர்கள். ஆயினும் அந்தச் சிறு அளவும் கல்லிடத்தில் காணப்படுவதன்று. விண்மீன் கொத்தினிடத்தில் காணப்படுவதன்று. அறிவுடைய ஒருவனிடத்திலேயே காணப்படுவது.

எனவே நம் முதற்கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம். எல்லா அசைவும் எம்பெருமானுக்கு அதீனம் என்று ஆழ்வார் அருளியதில் ஓர் எழுத்தும் குறையாது. நாம் செய்ய வேண்டியது, ‘எல்லாம் அவன் செயல்’ என்று எங்கே சொல்லுகிறோம் என்று பார்ப்பதே. பெற்ற நன்மையைப் பற்றிச் சொன்னால் அது ஸத்யம், க்ருதஜ்ஞதையும் ஆகும். பிறர் நமக்குச் செய்த தீங்கைப் பற்றிச் சொன்னால் அது பொறுமைக்கு வழியாகும். நாம் பிறர்க்குச் செய்த தீங்கைப் பற்றிச் சொன்னாலோ, கூட்டுக் கணக்கில் காசோலை எழுதியவன் தன் கையொப்பத்தை மறைக்கும் செயலாகும். எழுதி வாங்கிய பங்கைத் திருப்பிக் கொடுப்பதும், பேணாத பெற்றோரிடம் சென்று பேணுவதும் நம் கையில் உள்ள மீதிக்குள் அடங்கிய காரியங்களே. லட்சத்தில் ஒன்றானாலும் அது அளவிடத்தக்கது, உண்மையில் இருப்பது. அதைத் திருத்தத் தொடங்கினால், மேலே நடத்துகிறவன் அவனே.

ஆழ்வார் எம்பெருமானார் திருவடிகளே சரணம்.